3டி பொம்மைக்குக் குடைப் பாவாடை தைப்போம்

கார்ட்டூன் படங்களிலும் கேம்களிலும் வரும் பாத்திரங்களின் உடை காற்றில் ஆடுகிறது. உட்கார்ந்தால் மடிப்பு விழுகிறது. அந்த உடையைத் தைத்தது யார் என்று யோசித்தது உண்டா? கம்ப்யூட்டரில் அமர்ந்திருக்கும் ஒரு தையல்காரர்தான். அவரிடம் இருப்பது கத்தரிக்கோலும் ஊசியும் அல்ல, மௌஸும் கீபோர்டும். அந்த வேலையின் முதல் பாடத்தை இந்த மாதம் பார்ப்போம். படம் வரையத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு டேப் வைத்து இடுப்பை அளக்கத் தெரிந்தால் போதும்.

பிக்ஸார் நிறுவனம் 1997-ல் வெளியிட்ட 'ஜெரிஸ் கேம்' என்ற குறும்படத்தில் தன்னோடு தானே செஸ் ஆடும் ஒரு முதியவர் வருவார். அவருடைய கோட்டின் மடிப்புகளை ஓவியர் ஒவ்வொன்றாக வரையவில்லை. துணி எப்படி விழும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டது. அன்று பெரிய ஸ்டூடியோவில் மட்டும் முடிந்த வேலை, இன்று உங்கள் வீட்டு மேஜையில், அதுவும் இலவசமாக முடியும்.

என்ன தேவை?

பிளெண்டர் என்ற புரோகிராம் தேவை. நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரூசெண்டால் 1994-ல் தொடங்கியது இது. பிறகு அதை வைத்திருந்த கம்பெனி மூடப்பட்டது. 2002-ல் உலகம் முழுவதும் இருந்த பயனாளர்கள் ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தும்படி செய்துவிட்டார்கள். பிளெண்டர்.ஆர்க் என்ற தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். 64 பிட் விண்டோஸும் 8 ஜிபி ரேமும் இருப்பது நல்லது. நடுவில் வீல் உள்ள மௌஸ் அவசியம்.

துணி எப்படிக் கணக்காகிறது?

மீன் வலையை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைய முடிச்சுகள், முடிச்சுக்கு முடிச்சு நூல். கம்ப்யூட்டரின் துணியும் இப்படித்தான். முடிச்சுகளுக்குப் பதில் புள்ளிகள். நூலுக்குப் பதில் ஸ்பிரிங்குகள். ஒவ்வொரு புள்ளியையும் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. பக்கத்துப் புள்ளிகள் ஸ்பிரிங் வழியாகப் பிடித்துக்கொள்கின்றன. வழியில் உடம்பு இருந்தால் புள்ளி அங்கே நிற்கிறது. ஒரு விநாடிக்கு 24 படம் வீதம், ஒவ்வொரு படத்துக்கும் இந்தக் கணக்கு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆகவே மடிப்பை நாம் வரைய வேண்டியதில்லை. துணியைச் சரியாக வெட்டிக் கொடுத்தால் மடிப்பு தானே விழும்.

இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். நான் செய்த முதல் பாவாடை ஒரு குழாய். பார்க்க டிரம் போல இருந்தது. ஒரு மடிப்பும் விழவில்லை. செட்டிங்குகளை எல்லாம் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. தையல் தெரிந்த என் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "குழாயை மாட்டினா குழாயாத்தான்டா நிக்கும்" என்றார். ஒரு பேப்பரை வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, என் விரலில் மாட்டினார். ஓரமெல்லாம் அலை அலையாகத் தொங்கியது. அதுதான் அம்ப்ரெல்லா கட், குடைப் பாவாடை. அதையே இப்போது வெட்டப் போகிறோம்.

அளவு எடுப்போம்

பிளெண்டரில் ஒரு யூனிட் என்பது ஒரு மீட்டர். இதை மறந்தால் உங்கள் பொம்மை பத்தடி ராட்சசி ஆகிவிடும். துணியும் தப்பாக விழும்.

நம் பொம்மைக்கு இடுப்புச் சுற்றளவு ஏறக்குறைய 80 செ.மீ. லூஸ் 8 செ.மீ. விட்டால் 88. வட்டத்தின் சுற்றளவை 6.28-ஆல் வகுத்தால் ஆரம் கிடைக்கும். 88-ஐ 6.28-ஆல் வகுத்தால் 14 செ.மீ. இதுதான் நடு ஓட்டையின் ஆரம். பாவாடையின் நீளம் 60 செ.மீ. என்றால் வெளி வட்டத்தின் ஆரம் 74 செ.மீ. அதன் சுற்றளவு கிட்டத்தட்ட 465 செ.மீ. மேலே 88, கீழே 465. கூடுதலாக உள்ள துணி எங்கே போகும்? மடிப்பாகத்தான் மாற வேண்டும்.

உடம்பு செய்வோம்

1. பிளெண்டரைத் திறந்து ஜெனரல் என்பதைக் கிளிக் செய்யுங்கள். நடுவில் ஒரு பெட்டி இருக்கும். அதைக் கிளிக் செய்து டெலீட் கீயைத் தட்டுங்கள். கீ எதை அழுத்தினாலும் மௌஸ் பாயிண்டர் நடு ஜன்னலின் மேல் இருக்கட்டும்.

2. ஷிப்ட் + ஏ அழுத்துங்கள். வரும் மெனுவில் மெஷ், யூவி ஸ்பியர் எனத் தேர்வு செய்யுங்கள். இடது கீழ் மூலையில் ஒரு சிறு பேனல் வரும். அதை விரித்து ரேடியஸ் என்ற இடத்தில் 0.17 கொடுங்கள். வேறு வேலை தொடங்கினால் இந்தப் பேனல் மறைந்துவிடும். அதனால் உடனே செய்யுங்கள்.

3. உருண்டை சின்னதாகத் தெரியும். வியூ மெனுவில் ஃபிரேம் செலக்டட் கொடுத்தால் அருகில் வரும்.

4. எஸ், இசட் கீகளை அடுத்தடுத்துத் தட்டி 1.5 என டைப் செய்து எண்டர் கொடுங்கள். உருண்டை முட்டையாக உயரும். பிறகு கண்ட்ரோல் + ஏ அழுத்தி ஸ்கேல் என்பதைத் தேர்வு செய்யுங்கள். நாம் செய்த அளவு மாற்றத்தை நிரந்தரமாக்கும் வேலை இது.

5. வலது பக்கம் வரிசையாக ஐகான்கள் உள்ளன. அதில் பிசிக்ஸ் ஐகானைக் கிளிக் செய்து கொலிஷன் பட்டனை அழுத்துங்கள். கீழே திக்னஸ் அவுட்டர் என்பதை 0.005 ஆக்குங்கள். 'இது உடம்பு, துணி இதற்குள் நுழையக் கூடாது' என்று சொல்லியாகிவிட்டது.

துணி வெட்டுவோம்

1. ஷிப்ட் + ஏ, மெஷ், சர்க்கிள். பேனலில் வெர்டிசஸ் 96, ரேடியஸ் 0.14, லொகேஷன் இசட் 0.17 எனக் கொடுங்கள். முட்டையின் மேல் பகுதியைச் சுற்றி, இடுப்புப் பட்டி போல ஒரு வட்டம் நிற்கும்.

2. டேப் கீயைத் தட்டி எடிட் மோடுக்குச் செல்லுங்கள். ஈ கீயைத் தட்டி, மௌஸை அசைக்காமல் எண்டர் கொடுங்கள். உடனே எஸ் தட்டி 5.3 என டைப் செய்து எண்டர் கொடுங்கள். 14 செ.மீ. ஆரம் 74 ஆக விரிந்து, தட்டையான பெரிய வளையம் கிடைக்கும். இதுதான் வெட்டிய துணி.

3. இந்தத் துணியில் இடையே புள்ளிகள் இல்லாததால் அட்டை போல விறைப்பாக இருக்கும். கண்ட்ரோல் + ஆர் அழுத்தி, வளையத்தின் மேல் பாயிண்டரை நகர்த்துங்கள். இடுப்பைச் சுற்றினாற்போல் மஞ்சள் வட்டம் தெரிந்ததும் 24 என டைப் செய்து எண்டர் தட்டுங்கள். பிறகு மௌஸின் வலது பட்டனை ஒரு முறை கிளிக் செய்யுங்கள். வளையத்தில் 24 வட்டங்கள் விழும்.

4. அருகில் சென்று, ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு உள் வட்டத்தின் கோட்டைக் கிளிக் செய்யுங்கள். இடுப்பு வட்டம் மட்டும் செலக்ட் ஆக வேண்டும். வேறு கோடு செலக்ட் ஆனால் மறுபடி கிளிக் செய்யுங்கள். வலப்பக்கம் பச்சை முக்கோண ஐகானைத் தேர்வு செய்து, வெர்டெக்ஸ் குரூப்ஸ் என்பதில் பிளஸ் குறியைத் தட்டி, அசைன் கொடுங்கள். நாடா கட்டும் இடம் இதுதான். டேப் தட்டி வெளியே வாருங்கள்.

தைத்து மாட்டுவோம்

பாவாடை செலக்ட் ஆகி இருக்கும்போது பிசிக்ஸ் ஐகானில் க்ளாத் பட்டனை அழுத்துங்கள். மேலே உள்ள பிரிசெட் லிஸ்டில் காட்டன் தேர்வு செய்யுங்கள். ஷேப் என்ற பகுதியில் பின் குரூப் என்ற இடத்தில் நாம் செய்த குரூப்பைக் கொடுங்கள். கொலிஷன்ஸ் பகுதியில் ஆப்ஜெக்ட் கொலிஷன்ஸ் டிஸ்டன்ஸை 0.005 ஆக்குங்கள். செல்ஃப் கொலிஷன்ஸ் என்பதை டிக் செய்து அதன் டிஸ்டன்ஸையும் 0.005 ஆக்குங்கள். துணியின் ஒரு மடிப்பு இன்னொரு மடிப்புக்குள் புகாமல் இது தடுக்கும்.

கண்ட்ரோல் + எஸ் கொடுத்து ஃபைலைச் சேமியுங்கள். இப்போது ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். தட்டையாக நின்ற வளையம் மெல்லக் கவிழ்ந்து, இடுப்பில் தங்கி, கீழே அலை அலையாகத் தொங்கும். நூறு முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி இது. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் பயப்படாதீர்கள். முதல் ஓட்டத்தில் கணக்குப் போடுகிறது. அடுத்த முறை வேகமாக ஓடும்.

பிரிசெட்டை மாற்றியும் ஓட்டிப் பாருங்கள். காட்டனில் ஒரு புள்ளியின் எடை 0.3, சில்க்கில் 0.15, டெனிமில் 1. சில்க் லேசாக மிதந்து இறங்கும். டெனிம் கனத்து விழும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் டைம்லைனில் முதல் ஃபிரேமுக்குத் திரும்பி வந்து ஓட்டுங்கள். நடுவில் இருந்து ஓட்டினால் பழைய கணக்கும் புதிய கணக்கும் குழம்பும்.

தப்பு நடந்தால்...

துணி உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்தால், உடம்புக்குக் கொலிஷன் கொடுக்க மறந்திருப்பீர்கள். நான் ஒரு முறை ஒரு மாலை முழுவதும் துணியின் செட்டிங்குகளை மாற்றிக்கொண்டே இருந்தேன். துணியில் ஒரு தப்பும் இல்லை. உடம்பு என்று சொல்லாத உடம்பை அது எப்படி அறியும்?

பாவாடை இடுப்பை விட்டு வழுக்கி இறங்கினால், பின் குரூப் கொடுக்கவில்லை. மடிப்பு முரட்டுத்தனமாக இருந்தால், புள்ளிகள் போதவில்லை. விசித்திரமாக இழுபட்டால் அளவைச் சரிபாருங்கள். கண்ட்ரோல் + ஏ விட்டுப்போயிருக்கலாம். உடம்பு, நாடா, அளவு. முதலில் இந்த மூன்றையும் பாருங்கள். பிறகு மற்றதைத் தொடுங்கள்.

துணி பிடித்த மாதிரி விழுந்ததும் அந்த ஃபிரேமில் நிறுத்துங்கள். ஃபைலை வேறு பெயரில் ஒரு காப்பி சேமியுங்கள். பிறகு ரெஞ்ச் படம் உள்ள ஐகானில் க்ளாத் என்பதன் சிறு மெனுவைத் திறந்து அப்ளை கொடுத்தால் மடிப்புகள் அப்படியே நிலைத்துவிடும். அதற்கு மேல் சாலிடிஃபை என்ற மாடிஃபையரைச் சேர்த்து 0.002 கொடுத்தால் துணிக்குக் கனம் வரும்.

அடுத்து என்ன?

முட்டை பழகியதும் முழு மனித உருவத்துக்குப் போகலாம். மேக்ஹியூமன் என்ற இலவச புரோகிராம் உயரம், வயது, பருமன் கேட்டு உருவத்தைச் செய்து தரும். சட்டை, கவுன் போன்றவற்றை முன்பாகம், பின்பாகம் என வெட்டி ஒட்டும் முறையும் பிளெண்டரிலேயே இருக்கிறது. க்ளாத்தில் ஷேப் பகுதியில் சூயிங் என்று பாருங்கள். தொழில்முறையில் பலர் பயன்படுத்தும் மார்வெலஸ் டிசைனர் என்ற கொரிய புரோகிராமும் தையல் பேட்டர்னை வைத்தே வேலை செய்கிறது. ஆனால் அதற்குப் பணம் கட்ட வேண்டும்.

3டி உடை வடிவமைப்புக் கோர்ஸுக்குப் பணம் கட்டும் எண்ணம் உள்ளவர்கள் அதற்கு முன் இந்தப் பாவாடையை நான்கு அளவுகளில் தைத்துப் பாருங்கள். குழந்தைக்கு ஒன்று, குண்டானவருக்கு ஒன்று, முழங்கால் வரை ஒன்று, கணுக்கால் வரை ஒன்று. நான்கும் சரியாக விழுந்தால் இந்த வேலை உங்களுக்கு வரும். வீட்டில் தையல் தெரிந்த அம்மாவோ அக்காவோ இருந்தால் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். எந்தப் பட்டன் எங்கே என்று நீங்கள் சொல்லுங்கள். எங்கே வெட்டுவது என்று அவர்கள் சொல்வார்கள்.