பள்ளிக்கு அருகில் வீடு: எதற்கு விலை தருகிறோம்?

வீட்டுக்கடன் கோரி எங்கள் கிளைகளுக்கு வரும் இளம் தம்பதியரிடம், இந்தப் பகுதியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வினவினால், குடிநீரையும் மெட்ரோ நிலையத்தையும் சொல்வதற்கு முன்பே ஒரு பள்ளியின் பெயரைச் சொல்பவர் பலர். குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிரம்பியிராது. கட்டுமான நிறுவனங்களும் இதனை நன்கறிந்து, ‘புகழ்பெற்ற பள்ளிக்கு ஐந்து நிமிடம்’ என்று விளம்பரம் செய்கின்றன. அது ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்த ஐந்து நிமிடமாக இருக்கக்கூடும். திங்கட்கிழமை ஏழரை மணிக்கு ஒருமுறை நேரில் சென்று பார்ப்பது நல்லது.

அந்த அருகாமைக்காகக் கூடுதலாகத் தரும் பணத்துக்கு ஈடாக நம் கைக்கு வருவது எது?

அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில், வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய அரசுப் பள்ளியில் குழந்தைக்கு இடம் உண்டு. சாண்ட்ரா பிளாக் என்னும் பொருளியலறிஞர், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இத்தகைய எல்லைக்கோடுகளின் இருபுறமும் உள்ள வீடுகளின் விலையை ஒப்பிட்டு 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு உயர்ந்தால், பெற்றோர் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடுதலாகத் தர முன்வந்தனர் என்பது அதன் முடிவு. அங்கே வீட்டோடு பள்ளி இடமும் சேர்ந்தே விற்பனையாகிறது.

நம் நாட்டில் தனியார் பள்ளியின் இடம் கிரயப் பத்திரத்தோடு வருவதில்லை. இதற்குத் தில்லியைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அங்கே மழலையர் வகுப்புச் சேர்க்கை புள்ளிகளின் அடிப்படையில் நடைபெறுகிறது. 2013 டிசம்பரில் வெளியான அரசு வழிகாட்டு நெறிகள், மொத்தம் 100 புள்ளிகளில் 70 புள்ளிகளை அருகாமைக்கே ஒதுக்கின. அடுத்த ஆண்டு நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்நெறிகளை ரத்து செய்தது. 2017 ஜனவரியில், அரசு நிலத்தில் இயங்கும் 298 தனியார் பள்ளிகளுக்கு அருகாமை விதி மீண்டும் அறிவிக்கப்பட்டது. பிப்ரவரியிலேயே நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இருபது ஆண்டுக் கடனை இத்தகைய விதியை நம்பி வாங்குவது எவ்வாறு பொருந்தும்? விதி சாதகமாக இருக்கும் ஆண்டிலும், சமமான புள்ளி பெற்றவர்களிடையே குலுக்கல்தான் முடிவு செய்கிறது. கேந்திரிய வித்யாலயங்களிலோ முன்னுரிமை, பெரிதும் பெற்றோரின் பணியைப் பொறுத்தது. பக்கத்துத் தெருவில் சொந்த வீடு இருப்பதால் மட்டும் இடம் கிடைத்துவிடாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பள்ளியின் பொருட்டு வீட்டின் விலை 10 லட்சம் ரூபாய் கூடுகிறது எனக் கொள்வோம். அத்தொகையை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 8,680 ரூபாய். கடன் முடியும்போது செலுத்தியிருக்கும் தொகை 20 லட்சத்து 83 ஆயிரம். குழந்தையின் பள்ளிப் படிப்போ பதினான்கு, பதினைந்து ஆண்டுகளில் நிறைவுறும். பிள்ளை கல்லூரிக்குச் சென்ற பின்னும் பள்ளிக்கான தவணை தொடரும்.

இதனால் அருகாமைக்கு மதிப்பே இல்லை என்று நாங்கள் கூறவில்லை. நாள்தோறும் பயணத்தில் ஒரு மணி நேரம் மிச்சமானால், 220 வேலை நாட்கள் கொண்ட ஆண்டில் அது 220 மணி நேரம். சிறு குழந்தையின் உறக்கமும் விளையாட்டும் அதில் அடங்கும். பள்ளியின் நற்பெயர் நிலைத்தால், விற்கும்போது கூடுதல் விலையின் ஒரு பகுதி திரும்பவும் கூடும். ஆயினும் இப்பயன்கள் குழந்தை அப்பள்ளியிலேயே சேர்ந்தால்தான் முழுமையாகக் கிட்டும். ஆகவே முதலில் பள்ளியில் இடம், பிறகு வீடு என்னும் வரிசையே எங்களுக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அருகாமைப் புள்ளிகள் குடியிருப்புக்கு உரியவை, உடைமைக்கு உரியவையல்ல. உரிய முகவரிச் சான்று வைத்திருக்கும் வாடகைதாரரும் அவற்றைப் பெறலாம். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டை முன்பதிவு செய்தவர் நிலைதான் இரக்கத்துக்குரியது: சேர்க்கை தொடங்கும் நாளில் சாவி கைக்கு வந்திராவிட்டால் அந்த முகவரியைக் காட்ட இயலாது, வாடகையும் கடன் வட்டியும் ஒருங்கே செல்லும்.

பள்ளியின் தரத்தை விளம்பரப் பலகையிலுள்ள முதல் மதிப்பெண்களைக் கொண்டு மட்டும் அளவிட வேண்டாம். மத்திய அரசின் யுடைஸ் இணையதளத்தில் பள்ளிவாரியாக மாணவர், ஆசிரியர் எண்ணிக்கையும் வசதிகளும் தரப்பட்டுள்ளன. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று வரையறுக்கிறது. அந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பேரில்லாத சில பள்ளிகள் நம்மை வியக்கச் செய்யும்.

பள்ளி மாறினால் வீட்டை விற்றுவிடலாம் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. வருமான வரியின் பழைய முறையில் கடன் அசலுக்கும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கும் சேர்த்தே ஒன்றரை லட்சம் ரூபாய் என்பது உச்ச வரம்பு. வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் நிறைவதற்குள் அதனை விற்றால், அசலுக்காக அதுவரை பெற்ற கழிவு முழுவதும் விற்ற ஆண்டின் வருமானத்தோடு சேர்க்கப்படும்.