நிழலில் நிற்பவரும் படத்தில் தெரிய வேண்டும்



குழுக் கூட்டம், கண்காட்சி, கடன் வழங்கும் விழா என்று எது நடந்தாலும் இப்போது போட்டோ எடுக்காமல் முடிவதில்லை. படம் கைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் முதலில் தேடுவது தன் முகத்தைத்தான். "ஐயோ, நான் கறுப்பா விழுந்துட்டேன்கா. எனக்குப் போட்டோவே ஆகாது" என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவை பின்வரிசைக்குப் போய்விடும் சகோதரிகள் எல்லாக் குழுவிலும் உண்டு.

அது அவர்கள் முகத்தின் குறையா? இல்லவே இல்லை. வெளிச்சத்தைக் கேமரா வாங்கிக்கொள்ளும் முறையில் உள்ள குறை. இந்தக் குறையைச் சமாளிக்க தொழில்முறை போட்டோகிராபர்கள் ஒரு முறையைக் கையாளுகிறார்கள். அதன் பெயர் எச்.டி.ஆர். 'ஹை டைனமிக் ரேஞ்ச்' என்பதன் சுருக்கம் அது. மிகுந்த வெளிச்சத்தையும் மிகுந்த இருட்டையும் ஒரே படத்தில் கொண்டுவருவது என்று பொருள். இன்று நம் கையில் இருக்கும் செல்போனிலும் இந்த வசதி வந்துவிட்டது. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, எங்கே உதவும், எங்கே உதவாது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கண் பார்ப்பது வேறு, கேமரா பார்ப்பது வேறு

உச்சி வெயிலில் நடந்து வந்து வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு நிமிடம் எதுவுமே தெரியாது. கொஞ்ச நேரத்தில் அடுப்பு, பானை, படுத்திருக்கும் குழந்தை எல்லாம் தெளிவாகத் தெரியும். கண்ணின் பாப்பா இருட்டில் விரிகிறது, வெளிச்சத்தில் சுருங்குகிறது. கண்ணும் மூளையும் சேர்ந்து ஒவ்வொரு நொடியும் இப்படிச் சரி செய்துகொண்டே இருக்கின்றன. அதனால்தான் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவரையும், அவர் பின்னால் ஜன்னல் வழியாகத் தெரியும் தோட்டத்தையும் நம்மால் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவால் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். விளக்கு எரியும் வீட்டுக்குள் 100 லக்ஸ் இருந்தாலே புழங்கப் போதும். அதாவது உள்ளேயும் வெளியேயும் ஆயிரம் மடங்கு வித்தியாசம்! கேமரா ஒரு படம் எடுக்கும்போது ஒரே ஒரு அளவுதான் வைத்துக்கொள்ள முடியும். உள்ளே இருப்பவருக்கு அளவு வைத்தால் ஜன்னல் வெள்ளையாகப் போய்விடும். ஜன்னலுக்கு அளவு வைத்தால் உள்ளே இருப்பவர் இருட்டாகிவிடுவார்.

மழையில் வைத்த குடங்கள்

இதைச் சுலபமாகப் புரிந்துகொள்ள ஓர் உதாரணம். முற்றத்தில் வரிசையாகக் குடங்களை வைக்கிறோம். எந்த இடத்தில் எவ்வளவு மழை பெய்தது என்று குடத்துத் தண்ணீரை வைத்துச் சொல்ல வேண்டும். திறந்த வெளியில் இருக்கும் குடம் நிரம்பி வழிந்துவிட்டது. வழிந்த பிறகு எவ்வளவு பெய்தது என்று யாரால் சொல்ல முடியும்? தாழ்வாரத்துக்கு அடியில் இருக்கும் குடத்தில் நாலு சொட்டுதான் விழுந்திருக்கிறது. அதையும் அளக்க முடியவில்லை.

கேமராவுக்குள் இப்படித்தான் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. அவற்றில் மழைக்குப் பதில் வெளிச்சம் விழுகிறது. நிரம்பி வழிந்த குழி படத்தில் வெறும் வெள்ளை. நாலு சொட்டு விழுந்த குழி வெறும் கறுப்பு, அல்லது புள்ளி புள்ளியாக அழுக்கு.

இதற்கு என்ன வழி? குடங்களை மூன்று தடவை வைக்க வேண்டும். முதல் தடவை கொஞ்ச நேரம் மட்டும். அப்போது திறந்த வெளிக் குடம் வழியாது, அளந்துவிடலாம். அடுத்து நடுத்தர நேரம். மூன்றாவது நீண்ட நேரம். இப்போது தாழ்வாரக் குடத்திலும் அளக்கும் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்திருக்கும். மூன்று கணக்கையும் சேர்த்தால் எல்லா இடத்து மழையும் தெரிந்துவிடும். எச்.டி.ஆர். என்பது இவ்வளவுதான்.

போட்டோகிராபர் எப்படி எடுக்கிறார்?

புதிதாகக் கட்டிய வீடு அல்லது விடுதியைப் படம் எடுப்பவர்கள் இந்த முறையை அதிகம் பயன்படுத்துகிறார்கள். அறையும் தெரிய வேண்டும், ஜன்னலுக்கு வெளியே உள்ள காட்சியும் தெரிய வேண்டும் அல்லவா? அவர்கள் செய்யும் வேலை இப்படிப் போகும்:

1. கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்துவார். மூன்று படமும் இம்மி பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வேண்டும்.

2. ஒரு படத்தை ஒரு விநாடியில் 60-ல் ஒரு பங்கு நேரத்துக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்ததை 250-ல் ஒரு பங்கு நேரத்துக்கு எடுப்பார். இதில் ஜன்னல் காட்சி நன்றாக விழும். இன்னொன்றை 15-ல் ஒரு பங்கு நேரத்துக்கு எடுப்பார். இதில் கட்டிலுக்கு அடியில் உள்ள நிழலும் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய நாலு மடங்கு வித்தியாசம்.

3. நேரத்தை மட்டும்தான் மாற்றுவார். கேமராவின் மற்ற அளவுகளைத் தொடமாட்டார்.

4. மூன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒன்று சேர்ப்பார்.

5. கடைசி வேலைதான் கஷ்டமானது. சேர்த்த படத்தில் இருக்கும் வெளிச்ச வித்தியாசம் முழுவதையும் காகிதத்திலோ சாதாரணத் திரையிலோ காட்ட முடியாது. பெரிய சேலையைச் சின்னப் பெட்டியில் வைப்பது போல. பெட்டிக்குத் தகுந்தபடி வெட்டினால் சேலை வீண். முந்தானை தெரியும்படி பதமாக மடித்து வைத்தால் அழகு. இப்படி மடித்து வைப்பதற்கு 'டோன் மேப்பிங்' என்று பெயர். கருவி எல்லோரிடமும் ஒன்றுதான். மடிக்கிற கையில்தான் தொழில் இருக்கிறது.

இந்த முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. மூன்று படத்துக்கு நடுவில் யாராவது அசைந்தால், ஒரே ஆள் இரண்டு மூன்று நிழலாகத் தெரிவார். காற்றில் ஆடும் மரக்கிளையும் அப்படித்தான். அதனால் கட்டடம், சிற்பம், பொருள் போன்ற அசையாதவற்றுக்கே இது முழுமையாகப் பொருந்தும்.

இது இன்று வந்ததல்ல

பிரான்ஸ் நாட்டில் குஸ்தாவ் லெ கிரே என்ற போட்டோகிராபர் இருந்தார். 1850-களில் கடலைப் படம் எடுத்தால் வானம் வெறும் வெள்ளையாக விழும். வானத்துக்கு அளவு வைத்தால் கடல் இருண்டுவிடும். அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்தார். இரண்டையும் தொடுவானத்தில் இணைத்து ஒரே காகிதத்தில் பிரிண்டு போட்டார். 1857-ல் செட் என்ற ஊரில் எடுத்த 'பெரிய அலை' என்ற படம் அப்படி உருவானது. கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலம் அது!

பல வருடங்கள் கழித்து 1997-ல், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் முக்கியமான ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெவ்வேறு நேர அளவில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, அந்த இடத்தின் உண்மையான வெளிச்சத்தைக் கணக்கிடும் வழியைச் சொன்னார்கள். இவர்களில் மாலிக் நம் நாட்டில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2010-ல் ஐபோனில் எச்.டி.ஆர். வசதி வந்தது. பிறகு மற்ற போன்களிலும் பரவியது. இன்றைய போன்கள் நாம் பொத்தானைத் தொட்டதும் கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து, தானே சேர்த்துக் கொடுத்துவிடுகின்றன.

கறுத்த முகம் யாருடைய குற்றம்?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். தானாக இயங்கும்போது கேமரா முன்னால் உள்ள வெளிச்சத்தைச் சராசரி பார்த்துத்தான் அளவு வைக்கிறது. பின்னால் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், பளீரென்ற வானம். "ரொம்ப வெளிச்சம்" என்று நினைத்து எல்லாவற்றையும் குறைத்துவிடுகிறது. சுவர் சரியாகத் தெரிகிறது, முகம் இருண்டுவிடுகிறது. மாநிறம், கறுப்பு நிறம் உள்ளவர்களுக்கு இந்தப் பாதிப்பு அதிகம்.

இதில் வேறொரு சங்கதியும் உண்டு. கலர் பிலிம் காலத்தில், பிரிண்டு போடும் இடங்களில் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க கோடாக் கம்பெனி ஒரு மாதிரி அட்டை கொடுத்தது. அதன் பெயர் ஷெர்லி அட்டை. அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்த நிறத்துக்குப் பொருந்தினால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். கறுப்பின மக்களின் முகம் படத்தில் சரியாக விழவில்லை. ஆனால் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் "எங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாகத் தெரியவில்லை" என்று புகார் சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்தும் வேலை வேகம் பிடித்தது. பல நிறப் பெண்கள் உள்ள அட்டைகள் 1990-களில் வந்தன.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கருவியைச் செய்பவர்கள் யாரை மனதில் வைத்துச் செய்கிறார்களோ, அவர்கள்தான் அதில் நன்றாகத் தெரிகிறார்கள். ஆகவே "நான் கறுப்பு, அதான் படம் நல்லா வரல" என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். "வெளிச்சத்தைச் சரியா வச்சு இன்னொரு படம் எடுங்க தம்பி" என்று தைரியமாகச் சொல்லுங்கள். முகத்தை வெள்ளையாக்கித் தரச் சொல்லவும் வேண்டாம். நம் நிறம் நம் நிறமாகவே தெரிவதுதான் நல்ல போட்டோ.

நம் போனில் என்ன செய்யலாம்?

1. முதலில் லென்ஸைச் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். கைரேகை, எண்ணெய்ப் பசை இருந்தால் படம் மங்கும்.

2. கேமரா அமைப்பில் எச்.டி.ஆர். என்று இருந்தால் அதை இயக்கி வையுங்கள். பல போன்களில் அது தானாகவே வேலை செய்யும்.

3. திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். பல போன்களில் சூரியன் போல ஒரு குறி வரும். அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே தள்ளினால் குறையும்.

4. படம் எடுத்து முடியும்வரை போனையும் அசைக்காதீர்கள், நிற்பவர்களும் அசைய வேண்டாம்.

5. வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டாம். எந்தக் கருவியையும்விட இதுதான் பெரிய உதவி.

6. ஒரு பக்கம் நிழலாக இருந்தால், அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையோ வெள்ளை வேட்டியோ பிடித்தால் வெளிச்சம் திரும்பி முகத்தில் விழும்.

விற்பனைப் பொருளைப் படம் எடுக்கும்போதும் இதே கணக்குதான். கருப்பட்டியை வெள்ளைத் துணியில் வைத்து எடுத்தால் வெறும் கறுப்புக் கட்டியாகத் தெரியும். பழுப்போ சாம்பலோ ஆன துணியில் வைத்து, வாசல் நிழலில் எடுத்துப் பாருங்கள். அதன் நிறமும் சொரசொரப்பும் தெரியும்.

அளவுக்கு மீறினால்

எச்.டி.ஆர். முறையில் நிழலை அளவுக்கு மீறித் தூக்கினால் படம் பொய்யாகத் தெரியும். கட்டடத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். வானம் கன்னங்கரேலென்று மாறும். இலை பச்சை கண்ணைக் குத்தும். நிழலே இல்லாத படத்தில் பொருளின் கனமும் தெரியாது.

வியாபாரத்தில் இது பணப் பிரச்சினை. படத்தில் பளீர் சிவப்பாகக் காட்டிய பை கையில் மங்கிய சிவப்பாக இருந்தால், வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார். போக்குவரத்துச் செலவும் நமக்கு, கெட்ட பெயரும் நமக்கு. எடுத்த படத்தைப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் ஒத்துப்போனால் மட்டும் அனுப்புங்கள்.

அதேபோல, வீட்டு வேலை முடிந்ததற்கோ கால்நடை வாங்கியதற்கோ சாட்சியாகக் கொடுக்கும் படத்தில் எந்தத் திருத்தமும் செய்யக் கூடாது. இருந்ததைத் தெரியும்படி காட்டுவது தொழில். இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை அழிப்பதும் ஏமாற்று. இந்த எல்லையை நாம் மறக்கக் கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்து பார்க்க

1. ஓர் உறுப்பினரை ஜன்னல் முன் உட்கார வைத்து மூன்று படம் எடுங்கள். முதலில் ஜன்னலைத் தொட்டு, அடுத்து முகத்தைத் தொட்டு, பிறகு எச்.டி.ஆர். இயக்கி. மூன்றிலும் என்ன வித்தியாசம்?

2. அவரையே ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்காரச் சொல்லி இன்னொரு படம் எடுங்கள். எது நன்றாக இருக்கிறது? ஏன்?

3. இதுவரை எடுத்த குழுப் படங்களை எடுத்து வைத்துப் பாருங்கள். யார் முகம் எப்போதும் தெரியாமல் போகிறது? நிற்கும் இடத்தாலா, வெளிச்சத்தாலா? அடுத்த படத்தில் அவரை எங்கே நிறுத்தலாம் என்று கூடிப் பேசுங்கள்.

போன் பழக்கமில்லாத மூத்த உறுப்பினர்கள் கையிலும் போனைக் கொடுத்து, ஆளுக்கு ஒரு படமாவது எடுக்கச் சொல்லுங்கள்.