இடுப்பில் தொங்கிய கடிகாரம்

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் வீராம்பட்டினம். உரோமானியப் பண்டங்கள் வந்திறங்கிய அரிக்கமேடு இதற்கு மிக அருகில் உள்ளது. அக்காலக் கலங்கள் மணி பார்த்து வரவில்லை. பருவக்காற்றைப் பார்த்து வந்தன. கட்டுமரம் தள்ளிய மீனவர்க்கு விடிவெள்ளியே கடிகாரம். முகில் மூடிய இரவில் அதுவும் இல்லை.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். பாசறையில் தங்கிய அரசனுக்கு நீர்க்கன்னலைக் கொண்டு பொழுதறிந்து கூறுவோரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. ஆனால் அக்கருவி அரசனிடம் இருந்தது. உழவரிடமோ வலைஞரிடமோ இல்லை. ஐரோப்பாவில் சட்டைப்பைக் கடிகாரம் தோன்றிய பின்னரும் நெடுங்காலம் அது செல்வரின் அணிகலனாகவே விளங்கியது. அதனுள் பல்சக்கரங்களின் அச்சுகள் தேயாதிருக்க மாணிக்கக் கற்களைப் பதித்தனர். விலை ஏறாமல் என் செய்யும்?

1896 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இங்கர்சால் நிறுவனம் ஒரு டாலர் விலையில் சட்டைப்பைக் கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கற்கள் இல்லை, பூவேலை இல்லை. எளிய உலோகக் கூடு, தெளிவான எண்கள், நாள்தோறும் சாவி கொடுக்க ஒரு திருகு. பொறிகள் ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளிய உறுப்புகளை ஒன்றுசேர்த்ததால் விலை குறைந்தது. அதன் நேரம் நொடி பிசகாதது அன்று. எனினும் தொடர்வண்டியைத் தவறவிடாமல் இருக்க அது போதும்.

1934 பிப்ரவரியில் புதுச்சேரிக்கு வருகை புரிந்த காந்தியடிகளின் சில உடைமைகளுள் ஒன்று, இடுப்பில் தொங்கிய இங்கர்சால் கடிகாரம். அரை நிமிடத்தையும் கணக்கில் வைத்தவர் அவர். 1948 சனவரி 30 மாலை, பட்டேலுடன் உரையாடல் நீண்டது. வழிபாட்டு நேரமாகிய ஐந்து மணி கடந்துவிட்டது. உரையாடலை இடைமறிக்க அஞ்சிய ஆபா, அவருடைய கடிகாரத்தையே எடுத்து அவர் கண்ணெதிரே காட்டினார். உடனே எழுந்த அண்ணல், காலந்தாழ்ந்ததற்கு வருந்தியவாறு, நேரத்தை மிச்சப்படுத்தப் புல்வெளியின் குறுக்கே விரைந்து நடந்தார். ஒரு நிமிடம் பிந்துவதும் தமக்குப் பிடிப்பதில்லை என்று வழியில் பேத்தியரிடம் கூறினார். வழிபாட்டு மேடையை அவர் அடையவில்லை.