டோல்கேட்டும் பொதுப் பணமும்: நெல்லையில் நிலவும் நம்பிக்கைகள்

நெல்லையிலிருந்து மதுரைக்குக் கிளம்பினால் கயத்தாறு பக்கம் சாலைப்புதூர், கன்னியாகுமரிக்குப் போனால் நாங்குநேரி, தூத்துக்குடிக்குப் போனால் வாகைகுளம் என்று வழியில் ஒரு டோல்கேட் வந்துவிடும். அங்கே கட்டும் பணத்தைப் பற்றி டீக்கடை முதல் நீதிமன்ற வளாகம் வரை பேச்சு ஓய்வதில்லை. அந்தப் பேச்சில் உண்மையும் உண்டு, தவறான நம்பிக்கைகளும் உண்டு. தவறான கணக்கை வைத்துக்கொண்டு நியாயம் கேட்டால் எதிராளி எளிதாக வாயை அடைத்துவிடுவார். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: டோல்கேட் இருந்தால், அந்தச் சாலையைத் தனியார் தன் கைக்காசில் போட்டிருக்கிறார்.

உண்மை: அப்படி இருக்க வேண்டியதில்லை. 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், அரசுப் பணத்தில் போட்ட சாலைகளைத் தனி வகையாகவே குறிப்பிட்டு, அங்கும் கட்டணம் வசூலிக்க இடம் தருகின்றன. அந்த வசூல் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. தனியார் கட்டி வசூலிக்கும் சாலைகளிலும், வசூல் கட்டுப்படியாகாது என்று தெரிந்தால் திட்டச் செலவில் 40 சதவீதம் வரை அரசு மானியம் தரும் ஏற்பாடு உண்டு.

மூன்றாவதாக ஒரு முறை இருக்கிறது. பொதுப் பணத்தில் போட்டு, வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கும் சாலையின் வசூல் உரிமையை மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு நீண்ட காலக் குத்தகைக்கு விடுவது. ஆந்திரத்திலும் குஜராத்திலும் ஏறத்தாழ 680 கிலோமீட்டர் சாலைகள் 2018-இல் இப்படி 30 ஆண்டுகளுக்கு 9,681 கோடி ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டன.

நம் பக்கத்தில் நெல்லை–தென்காசி நான்குவழிச் சாலையைப் பாருங்கள். அது மாநில அரசு உலக வங்கிக் கடனோடு நிறைவேற்றிய திட்டம். கடனை அடைப்பதும் நம் வரிப்பணம்தான். அங்கே டோல்கேட் என்ற பேச்சு வந்ததும் ஆலங்குளம் வட்டாரத்தில் எதிர்ப்பு எழுந்ததற்கு இதுவே காரணம்.

நம்பிக்கை: போட்ட முதல் வந்ததும் டோல்கேட்டை எடுத்துவிடுவார்கள்.

உண்மை: எடுத்துவிட வேண்டும் என்று விதி இல்லை. 2008 விதிகளின்படி, முதல் திரும்ப வந்த பிறகு கட்டணம் 40 சதவீதமாகக் குறைய வேண்டும் என்று இருந்தது. பராமரிப்புக்காக அந்த அளவு வசூல் தொடர்ந்திருக்கும். 2023 அக்டோபரில் வந்த திருத்தம் அந்தச் சலுகையையும் நீக்கிவிட்டது. இப்போது முதல் வந்த பிறகும் முழுக் கட்டணமே வசூலிக்கலாம். பொதுப் பணத்தில் போட்ட சாலைக்கு இது பெரிய அநீதி. மக்கள் பிரதிநிதிகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

நம்பிக்கை: வண்டி வாங்கும்போதே சாலை வரி கட்டிவிட்டோம், டோல் என்பது அதே வரி இரண்டாம் முறை.

உண்மை: வண்டி வாங்கும்போது கட்டும் வரி மாநில அரசின் கருவூலத்துக்குப் போகிறது. தேசிய நெடுஞ்சாலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இரண்டு முறை கட்டுகிறோம் என்ற வாதத்துக்கு வலு சேர்ப்பது பெட்ரோல், டீசல் விலைக்குள் இருக்கும் கூடுதல் தீர்வை. 2000-ஆம் ஆண்டின் மத்திய சாலை நிதிச் சட்டம் சாலைகளுக்கென்றே அதற்கு ஒரு நிதியை ஏற்படுத்தியது. 2018 பட்ஜெட்டில் சாலை, உள்கட்டமைப்புத் தீர்வை லிட்டருக்கு 8 ரூபாய். அதே ஆண்டில் நிதியின் பெயரில் ‘உள்கட்டமைப்பு’ சேர்ந்தது. சாலை அல்லாத பணிகளுக்கும் பணம் போக வழி திறந்தது. கேள்வியை இந்தத் தீர்வையை வைத்துக் கேட்டால் யாரும் மழுப்ப முடியாது.

நம்பிக்கை: டோல் கார்க்காரர்களின் கவலை. பஸ்ஸில் போகிறவர்களுக்கு என்ன?

உண்மை: 2025 ஜூலையில் நடந்ததை நினைவில் வையுங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஏறத்தாழ 276 கோடி ரூபாய் கட்டணப் பாக்கி வைத்திருப்பதாக வழக்கு. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு சாவடிகளிலும் 10-ஆம் தேதி முதல் அரசுப் பேருந்துகளை விடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் அது தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைக்காமல் இருந்திருந்தால் மதுரை–நெல்லை–நாகர்கோவில் பயணிகள் பாடு திண்டாட்டம்தான். இந்தப் பாக்கி டிக்கெட் விலையில் ஏறும், அல்லது கழகத்தின் கடனில் ஏறும். இரண்டையும் சுமப்பது பஸ் பயணிதான்.

நம்பிக்கை: 60 கிலோமீட்டருக்குள் இரண்டு சாவடி இருந்தால் அது சட்டவிரோதம்.

உண்மை: 60 கிலோமீட்டர் இடைவெளி என்பது பொது விதி. எழுத்தில் காரணம் பதிவு செய்து அதற்குள்ளும் அமைக்கலாம் என்று அதே விதி இடம் தருகிறது. அப்படியானால் நாம் கேட்க வேண்டியது, பதிவு செய்த அந்தக் காரணம் என்ன என்பதை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டுக் கேட்கலாம்.

நம்பிக்கை: சாலை எப்படி இருந்தாலும் முழுக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும்.

உண்மை: நெல்லை–தூத்துக்குடி சாலையில் வல்லநாட்டில் தாமிரபரணிக்குக் குறுக்கே போட்ட பாலம் சில ஆண்டுகளிலேயே பழுதாகி, தளத்தில் ஓட்டை விழுந்தது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளும் வரும் லாரிகளும் பக்கத்துப் பாலம் ஒன்றிலேயே எதிரும் புதிருமாக ஊர்ந்தன. வாகைகுளத்தில் வசூல் மட்டும் குறையவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. பாதிக் கட்டணமே வசூலிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் திருச்சூர் அருகே பாலியேக்கரையில் வசூலையே நிறுத்திவைத்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நல்ல சாலைக்குத்தான் கட்டணம் என்பதை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன.

நம்பிக்கை: டோல் இல்லாமல் நல்ல சாலையோ பாலமோ கிடைக்காது.

உண்மை: நெல்லைக்காரர்கள் இதை நம்பவே கூடாது. நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் ஆற்றுப்பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தது அது. லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் பதினொரு வளைவுகளோடு கட்டியதாகச் சொல்வார்கள். அந்த வாட்டர்லூ பாலத்தில் 1817 முதல் காசு கொடுத்துத்தான் கடக்க வேண்டியிருந்தது. 1878-இல் பொது அமைப்பு ஒன்று அதை விலைக்கு வாங்கி வசூலை நிறுத்திய பிறகே லண்டன்வாசிகள் இலவசமாக நடந்தார்கள். எல்லாச் சாலைக்கும் ஒரு கொடையாளர் கிடைக்கமாட்டார் என்பது உண்மை. பொதுப் பணத்தில் வாங்கி மக்களுக்குத் திறந்துவிடுவதும் நடைமுறையில் இருந்த வழி என்பதும் உண்மை.

பராமரிப்புக்குப் பணம் வேண்டும். அதை நியாயமாகக் கேட்டால் மக்கள் கொடுப்பார்கள். ஆனால் கொடுத்த பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஒவ்வொரு சாவடியிலும் கட்டணப் பட்டியலுக்குப் பக்கத்தில் தமிழில் இன்னொரு பலகை வையுங்கள்: இந்தச் சாலை யார் பணத்தில் போடப்பட்டது, மொத்தச் செலவு எவ்வளவு, இதுவரை வசூலானது எவ்வளவு, வசூல் முடியும் தேதி எது. அரசுப் பணத்தில் போட்ட சாலைகளில், முதல் திரும்பி வந்த நாளிலிருந்து பராமரிப்புக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது என்று விதியை மாற்றுங்கள். சாலைப்புதூரிலும் நாங்குநேரியிலும் வாகைகுளத்திலும் நின்று பணம் கட்டும் மக்களுக்கு இந்த இரண்டையும் கேட்கும் உரிமை இருக்கிறது.