டிரெய்னியா? அப்ரண்டிஸா?

பெரியவனானதும் என்ன ஆகப்போறேன்னு கேட்டா நம்ம வகுப்பில் பாதிப் பேர் இன்ஜினியர் என்கிறோம். பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக், இல்லையென்றால் பன்னிரண்டாவது முடித்து சென்டாக் வழியாக பி.டெக். இதுவரை எல்லாருக்கும் தெரியும். படிப்பு முடிந்த மறுநாள் என்ன செய்வது? அதை யாரும் சொல்வதில்லை.

எங்க பெரியப்பா பொண்ணு மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சவங்க. ஒரு கம்பெனியில் 'டிரெய்னி' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் போனாங்க. அப்புறம் அரசாங்க அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்தால் தகுதி இல்லை என்று பதில் வந்தது. வேலை தெரிஞ்சவங்களுக்கே தகுதி இல்லையா?

காரணம் இதுதான். தொழில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. 1973இல் திருத்தி, பட்டதாரிகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்தார்கள். 1986இல் பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்தது (நம்ம பள்ளி அண்ணன்கள் கவனிக்க!). இந்தப் பயிற்சி புதிதாகப் படித்து முடித்தவருக்குத்தான். ஏற்கெனவே ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால் சேர முடியாது. ஒருமுறை பயிற்சி எடுத்தவரும் மறுபடி சேர முடியாது. அக்காவின் 'டிரெய்னி' காலம் அனுபவக் கணக்கில் ஏறிவிட்டது, ஆனால் சட்டப்படி பயிற்சி ஆகவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம்!

சட்டப்படியான பயிற்சி என்றால் கம்பெனிக்கும் நமக்கும் ஒப்பந்தம் உண்டு, அது பதிவாக வேண்டும். தென் மாநிலங்களுக்கும் நம்ம புதுச்சேரிக்கும் சேர்த்து இதைப் பார்ப்பது சென்னை தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியம். 'நாட்ஸ்' இணையதளத்தில் நாமே பதியலாம். பெரும்பாலும் ஓராண்டு. மாத உதவித்தொகை உண்டு. 2019இல் திருத்திய விதியில் பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 என்று வைத்தார்கள். முடிவில் மத்திய அரசின் திறன் சான்றிதழ். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அதை அனுபவமாகப் பதியலாம். ஆனால் அதே கம்பெனி நமக்கு வேலை கொடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை. இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்.

கையில் ஆர்டர் கிடைத்தால் பதவிப் பெயரைப் பார்த்து மயங்காமல், "ஒப்பந்தம் வாரியத்தில் பதிவாகுமா, சார்?" என்று முதல் நாளே கேட்டுவிடலாம்.

அக்காவோட தம்பிக்கு இது டிப்ளமோ கடைசி வருஷம். ரிசல்ட் வந்த வாரமே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து அக்காவே நாட்ஸில் பதியப் போறாங்களாம்.