நயினார் என்னும் பட்டமும் நம் முன்னோரும்



வெளிநாட்டில் பயிலும் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, "பாட்டி, நம் குடும்பப் பெயர் என்ன?" என வினவுகின்றனர். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் அதற்கென ஓர் இடம் உள்ளதாம். அங்கே "நயினார்" என எழுதிவிட்டு, அப்பெயரைப் பற்றிக்கொண்டே கும்பினியார் காலத்து முன்னோர்வரை சென்றுவிடலாம் என்று எண்ணுகின்றனர். அவ்வாறு செல்ல இயலுமா? இயலாதெனில் வேறு வழி யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பட்டம் வேறு, குடும்பப் பெயர் வேறு

"நாயனார்" என்னும் சொல்லே "நயினார்" எனத் திரிந்தது. தலைவர் என்பது அதன் பொருள். தமிழ்ச் சமணருள் பலர் இப்பட்டத்தைத் தாங்கினும், இது நமக்கே உரியதன்று. தமிழ் முஸ்லிம்களிடையேயும் இப்பெயர் வழங்குகிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியிலோ காவல் தலைவரின் பதவிப் பெயரே நயினார் என்பதாகும். 1736இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அவ்வதிகாரியைக் காணலாம். எனவே, பழைய ஏட்டில் நயினார் என்று கண்டவுடன் இவர் நம் பாட்டனார் எனத் துணிதல் பிழையாகும்.

சமணர் அனைவரும் நயினார் எனப் பட்டமிட்டுக் கொண்டதும் இல்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்குச் சமணப் பொருள்களை விளக்கித் துணைநின்றோருள் கும்பகோணம் சந்திரநாத செட்டியாரும் வீடூர் அப்பாசாமி நயினாரும் குறிப்பிடத்தக்கவர்கள். இருவரும் சமணரே; பட்டங்களோ வேறு. இன்னார் என்று நமக்குக் காட்டுபவை முன்னே நிற்கும் ஊர்ப்பெயர்களே.

2. ஊரும் தந்தை பெயரும்

எங்கள் கூரத்தையே சான்றாகக் கொள்வோம். ஸ்ரீவத்ஸாங்கர் என்னும் வைணவப் பெரியாரை உலகம் கூரத்தாழ்வான் என்றே அறியும். ஊர்ப்பெயர் அவரது இயற்பெயரினும் நிலைத்துவிட்டது.

கடல் கடந்து சென்றோர் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1860 முதல் 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இந்தியர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். சென்னையிலிருந்து புறப்பட்ட முதற் கப்பலாகிய ட்ரூரோ 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. அந்நாட்டில் முதலியார் என்பது "மூட்லி" எனவும், கவுண்டர் என்பது "கவெண்டர்" எனவும் குடும்பப் பெயர்களாக உறைந்தன. ஒரே பெயரைத் தாங்குவதனாலேயே அவர்கள் உறவினர் ஆகிவிடார். ஆயினும், கப்பற்பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் உரிய எண்ணுடன் தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியனவும் குறிக்கப்பட்டன. அக்குறிப்புகளைத் துணைக்கொண்டே இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் தமிழகத்துக் கிராமங்களைத் தேடி வருகின்றனர்.

3. தேடும் முறை

முதலாவதாக, வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு எழுதுக. தந்தைவழியோடு நில்லாமல் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி ஆகியோரின் பிறந்த ஊர்களையும் குறித்துக்கொள்க.

இரண்டாவதாக, பாகப்பிரிவினைப் பத்திரம், கிரயப் பத்திரம், ஜாதகம் ஆகியவற்றைத் தேடுக. "இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்று எழுதுவது பத்திர மரபு. ஒரு பத்திரம் இரண்டு தலைமுறைகளைக் காட்டிவிடும்.

மூன்றாவதாக, அரசு ஆவணங்களை நாடுக. 1763இல் ஆற்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளர் அச்சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் கிராமங்களில் நிலம், ஏரி, வீடு, தொழில் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். அதற்கு அடிப்படையான ஓலைக் கணக்குகளுள் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. இக்கணக்குகள் ஊர்வாரியாக அமைந்தவை. ஆகவே தம் ஊரை அறிந்தவர்க்கே அவை பயன்படும். பட்டத்தை மட்டும் அறிந்தவர்க்குப் பயன்படா.

நான்காவதாக, ஏட்டில் கண்டதையும் செவிவழி கேட்டதையும் தனித்தனியே எழுதுக. இரண்டையும் கலந்தால் பின்வருவோர் தடுமாறுவர்.

4. நான் செய்த பிழை

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், மாணவர் சேர்க்கைப் பதிவேட்டை எழுதும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. ஒரு சிறுவன் தன் பெயருக்கு முன்னே "கூ." என ஊரின் முதலெழுத்தைச் சேர்த்துச் சொன்னான். மற்ற பிள்ளைகள் கூவிச் சிரித்தனர். "ஒரே எழுத்துப் போதும்" என்று கூறி, தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் எழுதினேன். பத்தியில் இடமும் குறைவு. அன்று அதனை ஒழுங்கு என்றே கருதினேன்.

அண்மையில் அவனுடைய மகள் அயல்நாட்டிலிருந்து எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். தந்தை மறைந்துவிட்டார், அவருடைய சொந்த ஊர் எதுவென அவளுக்குத் தெரியவில்லை, கையிலிருந்த பள்ளிச் சான்றிதழிலோ ஓரெழுத்தே இருந்தது. பிள்ளைகள் சிரித்த அந்த "கூ" என் நினைவில் இருந்தமையால் "கூரம்" என்று விடை எழுதினேன். என் நினைவு தவறியிருந்தால் அவளுக்கு அவ்வூர் இல்லாமலே போயிருக்கும். அவனைப் போல் என் கையால் ஊரெழுத்தை இழந்த பிள்ளைகள் எத்தனை பேரோ!

5. பயிற்சி

ஒரு தாளில் உங்கள் பெயர், தந்தை, தாய், பாட்டனார் இருவர், பாட்டியார் இருவர் ஆகியோரின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் பிறந்த ஊரைக் குறியுங்கள். வெற்றிடம் விழுமாயின், அதனை நிரப்பக்கூடிய முதியவர் யார் என எண்ணி, இந்த வாரத்திற்குள்ளேயே அவரைச் சென்று காணுங்கள். பதிவேடுகள் காத்திருக்கும், முதியோர் காத்திரார்.