ஆங்கிலம் கற்போம்: 'இஃப்' வந்தால் கவனம்!



இம்முறை ஒரு சின்னச் சொல்லைப் படிப்போம். சொல் சின்னது, வேலை பெரியது. அதுதான் 'இஃப்'. தமிழில் நாம் 'வந்தால்', 'பெய்தால்', 'எடுத்தால்' என்று கடைசியில் 'ஆல்' சேர்த்துச் சொல்வதை ஆங்கிலக்காரர் முன்னால் 'இஃப்' போட்டுச் சொல்கிறார்கள்.

நாம் பிறந்த ஊர் மண்கும்பான். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் வேலணைத் தீவில் இருக்கிறது. மலைநாட்டில் திரும்பிய பக்கமெல்லாம் பீலித் தண்ணீர் ஓடுகிறது. எங்கள் ஊரில் ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. மாரி மழையை மணல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த நல்ல தண்ணீர், கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது விஞ்ஞானக் கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால், காலப்போக்கில் உப்பு அந்த 40 அடியும் ஏறி வந்துவிடும். அதனால் எங்கள் ஊர்க் கிணற்றடியில் 'ஆல்' போடாமல் பேச்சே இல்லை. அந்தக் கிணற்றை வைத்தே நாலு வகை 'இஃப்' வாக்கியங்களையும் பார்ப்போம்.

1. எப்போதும் நடப்பது

'இஃப் யூ டேக் டூ மச் வாட்டர், தி வெல் டர்ன்ஸ் சால்ட்டி.' அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகும். இது இயற்கையின் சட்டம். இரண்டு பக்கமும் நிகழ்காலம்.

2. நடக்கக்கூடியது

'இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, வி வில் ஸேவ் தி வாட்டர்.' நாளைக்கு மழை பெய்தால் தண்ணீரைச் சேமிப்போம். 'வில்' ஒரு பக்கத்தில் மட்டுமே வரும். 'இஃப்' இருக்கும் பக்கத்தில் வராது. நாளைக்கு நடக்கப்போவதுதானே என்று நினைத்து 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதுவது நம்மவர்கள் எல்லாரும் விடும் பிழை. நாமும் பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதிச் சிவப்பு மை வாங்கியவர்தான்.

3. கற்பனை

'இஃப் வி ஹேட் எ ரிவர், வி வுட் க்ரோ மோர் பேடி.' எங்களுக்கு ஓர் ஆறு இருந்தால் கூட நெல் விளைவிப்போம். ஆனால் ஆறு இல்லை. இல்லாததைச் சொல்லும்போது 'ஹேவ்' என்பது 'ஹேட்' ஆகும், 'வில்' என்பது 'வுட்' ஆகும். சொல் இறந்தகாலம், பொருள் இன்றைய கற்பனை. தோட்டத்து உதாரணம் வேண்டுமா? 'இஃப் ஐ வேர் தி மேனேஜர், ஐ வுட் ரிப்பேர் தி லைன் ரூம்ஸ்.' நான் துரையாக இருந்தால் லயங்களைத் திருத்துவேன். துரை நாமில்லை, அதனால்தான் 'வுட்'.

4. கைநழுவிப் போனது

'இஃப் வி ஹேட் லெஃப்ட் தி ஸேண்ட், தி வெல் வுட் ஹேவ் ஸ்டேய்ட் ஸ்வீட்.' மணலை அள்ளாமல் விட்டிருந்தால் கிணறு நல்ல தண்ணீராகவே இருந்திருக்கும். இது கவலைப்பட்டுச் சொல்வது, இனி மாற்ற முடியாது. இங்கே நம்ம தமிழே வழிகாட்டும். தமிழில் 'விட்டிருந்தால்... இருந்திருக்கும்' என்று வந்தால், ஆங்கிலத்தில் 'ஹேட்... வுட் ஹேவ்' என்று போடுங்கள்.

சரி, முதல் மூன்று வகைக்கும் தமிழில் ஒரே 'ஆல்'தானே வருகிறது, எப்படிப் பிரிப்பது? வாய் திறக்குமுன் மனதுக்குள் கேளுங்கள்: இது எப்போதும் நடப்பதா, நடக்கக்கூடியதா, வெறும் கற்பனையா? பதில் தெரிந்தால் வாக்கியம் தானாக வரும்.

இந்தப் பாடம் நமக்கு எதற்கு?

சோதனைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2013 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தை ஞாபகம் இருக்கும். நாட்சம்பளம் 620 ரூபாய் என்று எல்லாரும் பேசினார்கள். உள்ளே பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 450, விலைப்பங்கு 30, வருகைக்கான கொடுப்பனவு 140. இந்த 140 ரூபாய், தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் பிரட்டுக்கு வந்தால்தான் கிடைத்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூட நின்று 75 வீதம் வர முடியாமற்போன தாய்க்கு அது போய்விடும். 2019 ஒப்பந்தத்தில் அந்த வருகைக் கொடுப்பனவு நீக்கப்பட்டது. ஆனால் அந்த 620 என்ற எண்ணுக்குள் ஒரு 'இஃப்' ஒளிந்திருந்தது. எண்ணை மட்டும் கேட்டவர்கள் சம்பள நாளில்தான் 'இஃப்'பைக் கண்டார்கள்.

ஆகவே ஆங்கிலக் கடிதமோ படிவமோ கையில் வந்தால், தொகையைப் பார்க்குமுன் 'இஃப்'பைத் தேடுங்கள். அடுத்து 'வில்' இருக்கிறதா, 'வுட்' இருக்கிறதா என்று பாருங்கள். 'வி வில் பே' என்றால் கொடுப்போம் என்ற வாக்கு. 'வி வுட் பே இஃப் வி ஹேட் மணி' என்றால் பணம் இருந்தால் கொடுப்போம், இப்போது இல்லை என்று அர்த்தம். 'வுட்'டை நம்பிக் கடைக் கடன் வைக்கவேண்டாம்!

'இஃப்'பின் தம்பி ஒருவன் இருக்கிறான், பெயர் 'அன்லெஸ்'. 'அன்லெஸ் யூ ஸைன், யூ வில் நாட் கெட் தி லோன்.' கையெழுத்துப் போடாவிட்டால் கடன் கிடைக்காது. 'போடாவிட்டால்' என்ற 'இல்லை' அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் 'அன்லெஸ் யூ டோன்ட் ஸைன்' என்று எழுதினால் பொருள் தலைகீழாகும்.

பயிற்சி

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லாரும் சேர்ந்து செய்யுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும், அம்மா தமிழில் சொல்லட்டும்.

1. நீ படித்தால் பாஸ் பண்ணுவாய்.
2. நீ படித்திருந்தால் பாஸ் பண்ணியிருப்பாய்.
3. எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்.

விடைகள்

1. இஃப் யூ ஸ்டடி, யூ வில் பாஸ்.
2. இஃப் யூ ஹேட் ஸ்டடிட், யூ வுட் ஹேவ் பாஸ்ட்.
3. இஃப் ஐ ஹேட் விங்ஸ், ஐ வுட் ஃப்ளை.

முதலாவது வாக்கியத்தை இன்றைக்கே பிள்ளையிடம் சொல்லுங்கள். இரண்டாவதைச் சொல்லும் நாள் எந்த லயத்துக்கும் வரவேண்டாம்.